இருபயன் ரம்ப யந்திரமும் நம் விரல்களும்

நெசவாளிக்குத் தறியும் உழவனுக்கு ஏரும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதவை அவற்றைப் பிடிக்கும் கைகள். அறுந்த பாவிழையை விரல் நுனியால் தேடி எடுத்துப் பிணைக்கும் நெசவாளி ஒருவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்துவிடுவாராயின், தறியும் நூலும் இருந்தும் அவருக்குத் தொழில் இல்லை. மாங்கன்றில் ஒட்டுக் கட்டும் தோட்டக்காரருக்கும் இதே நிலைதான். ஆகவே, நம் அங்கத்தினர்களின் வீடுகளில் அண்மைக் காலமாக இடம் பெற்று வரும் ஒரு யந்திரத்தைப் பற்றி இவ்விதழில் சற்று விரிவாக எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

சில வாரங்களுக்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பின்கட்டில் தறிச் சட்டங்களைப் பழுது பார்ப்பதற்கும், மாம்பழப் பெட்டிகள் செய்வதற்கும், சுவாமி படங்களுக்குச் சட்டம் போடுவதற்கும் மின்சார ரம்பம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரே யந்திரம் இரண்டு வேலை செய்யும். மேலே ஒரு சிறு மேசை. அதன்மீது பலகையை வைத்துத் தள்ளி நீளவாட்டில் அறுக்கலாம். கீழே ஒரு பீடம். அதன்மீது சட்டத்தை வைத்து, ரம்பத்தை மேலிருந்து இறக்கி, வேண்டிய கோணத்தில் துண்டாக்கலாம். வேலை சுத்தமாகவே இருந்தது. ஆனால் யந்திரத்தோடு வந்த காப்பு மூடியும், ரம்பத்திற்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. காரணம் கேட்டோம். “அது இருந்தா கோடு தெரிய மாட்டேங்குது, அண்ணாச்சி. கழற்றி வைச்சா வேலை வெரசா ஓடுது” என்றார். அவருடைய இடக்கைப் பெருவிரலின் நகம் பாதி இல்லாதிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். “அது போன மாசம்” என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கவனக் குறைவானவர் அல்லர். நாற்பதாண்டுகள் தறியில் இருந்தவர். இந்த யந்திரத்தின் போக்கை அவருக்கு எடுத்துச் சொல்வார் யாரும் இல்லை என்பதே குறை. கடைக்காரர் பொறுத்திக் கொடுத்தார். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு புத்தகமும் கொடுத்தார். அவ்வளவே. அப்புத்தகம் சொல்லாமல் விட்டவற்றையும், சொல்லியும் நமக்கு எட்டாதவற்றையும் இங்கே தமிழில் தருகிறோம்.

வட்ட ரம்பத்தின் வரலாறு

வட்டமான ரம்பம் புதிய பொருள் அன்று. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-ஆம் ஆண்டில் வட்ட ரம்பத்தோடு கூடிய அறுவை யந்திரத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். கை ரம்பம் முன்னும் பின்னும் செல்லும். அது திரும்பி வரும் நேரம் வீண். வட்ட ரம்பமோ ஓய்வின்றி ஒரே திசையில் சுழல்வதால் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் அறுக்கிறது. வேகமும் ஆபத்தும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

அந்த வேகத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து அங்குல விட்டமும் 40 பற்களும் உடைய ரம்பம் நிமிஷத்திற்கு 4,800 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். விநாடிக்கு 80 சுற்று. பல் நுனியின் வேகம் விநாடிக்கு 63 மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர். விநாடிக்கு 3,200 பற்கள் ஓரிடத்தைக் கடந்து செல்கின்றன. சுருக்கென்று பட்டதும் கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விநாடி வேண்டும். அதற்குள் 640 பற்கள் சென்றுவிடுகின்றன. “பட்டால் உடனே இழுத்துக்கொள்வேன்” என்று எண்ணுவோர் இக்கணக்கை மறத்தலாகாது.

ரம்பம் எப்பக்கம் சுழல்கிறது?

இருபயன் யந்திரத்தைப் புரிந்துகொள்வதற்குத் திறவுகோல் சுழலும் திசையே. நாம் யந்திரத்தின் முன் நிற்கும்போது, ரம்பத்தின் மேற்பகுதி நம்மை நோக்கி வருகிறது. அடிப்பகுதி நம்மை விட்டு அப்பால் செல்கிறது. ஒரே ரம்பம், ஒரே திசை. ஆயினும் மேல்மேசையில் வேலை செய்யும்போது நாம் பயன்படுத்துவது மேற்பற்களை. கீழ்ப் பீடத்தில் வேலை செய்யும்போது பயன்படுத்துவது அடிப்பற்களை. ஆதலால் இரண்டு வேலைகளிலும் மரம் பாய விரும்பும் திசை வேறு.

மேல்மேசையில், ரம்பத்தின் முன்புறப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. இது நன்மை. பின்புறப் பற்களோ மேல்நோக்கி எழுந்து, உச்சியைக் கடந்து நம்மை நோக்கி வருகின்றன. பலகை சற்றே கோணி அந்தப் பின்பற்களில் உரசினால், அவை பலகையைத் தூக்கி நம் வயிற்றிலோ முகத்திலோ எறிந்துவிடும். இதனை எதிர் உதை என்போம். பலகை பறக்கும்போது அதனை அழுத்திக்கொண்டிருந்த கை, பிடிப்பு இழந்து ரம்பத்தின்மீதே விழக்கூடும். விரல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். விரலை ரம்பத்திற்கு அருகில் கொண்டு சென்றதனால் மட்டும் விபத்து நேர்வதில்லை; மரம் விரலை இழுத்துச் செல்வதாலும் நேர்கிறது.

கீழ்ப் பீடத்தில், அடிப்பற்கள் மரத்தைப் பின்னால் உள்ள நிமிர்ந்த சட்டத்தை நோக்கித் தள்ளுகின்றன. மரம் முன்னரே அச்சட்டத்தில் நன்கு பதிந்திருந்தால் அசையாது. இடைவெளி இருந்தால், அந்த இடைவெளி அளவிற்கு மரம் திடீரெனப் பாய்ந்து, பிடித்த கையையும் உடன் இழுக்கும்.

ஆப்புத் தகடு

பெரிய கட்டைகளை மேலும் கீழும் ஆள் நின்று இழுத்து அறுத்த காலத்தை நம் மூத்த அங்கத்தினர்கள் அறிவர். அறுவாய் சில அடி நீண்டதும், அதிலே ஒரு மர ஆப்பைச் செருகுவர். இல்லையேல் பிளந்த இரு பாதிகளும் நெருங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேசை ரம்பத்தின் பின்னால் நிற்கும் மெல்லிய தகடும் அதே ஆப்புத்தான். அறுபட்ட வழியை மூடவொட்டாமல் அது காக்கிறது. பலகை பின்பற்களில் உரசாமலும் தடுக்கிறது.

இத்தகடு ரம்பத்தின் உடற்பகுதியைவிடச் சற்றுத் தடித்தும், பற்கள் அறுக்கும் வழியைவிடச் சற்று மெலிந்தும் இருத்தல் வேண்டும். ரம்பத்தோடு ஒரே நேர்க்கோட்டில், பற்களுக்கு மிக அருகில், ஆனால் அவற்றில் படாமல் நிற்க வேண்டும். புதிய ரம்பம் மெல்லியதாக வாங்கிவிட்டுப் பழைய தடித்த தகட்டையே வைத்தால் பலகை நடுவில் சிக்கிக்கொள்ளும். சிக்கியதைப் பலவந்தமாகத் தள்ளும்போது ஆபத்து நேரும். நம் நண்பர் “இடைஞ்சல்” என்று கழற்றி வைத்ததற்கும் இதுவே காரணம். யந்திரத்தோடு வந்த ரம்பம் மழுங்கியதும் மெல்லிய ரம்பம் ஒன்றை மாற்றியிருந்தார். தகடு மாறவில்லை, பலகை சிக்கிற்று, தகட்டின்மீது பழி விழுந்தது. உரிய கனமுள்ள ரம்பத்தைப் பொறுத்தியதும் பலகை வழுக்கிக்கொண்டு சென்றது. தகட்டின் மீதும் ரம்பத்தின் மீதும் கனத்தின் அளவு குறித்திருக்கும். வாங்கும்போதே ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

மேல்மேசையில் அறுக்கும் முறை

முதலில் ரம்பத் தலையைக் கீழே இறக்கி, அதற்குரிய முளையைச் செருகிப் பூட்ட வேண்டும். பூட்டாவிடின் வேலை நடுவே தலை எழும்பிவிடும். கீழ்ப் பீடத்தின் பக்கம் ரம்பம் வெளியே தெரியாதபடி அதற்கென்று கொடுத்துள்ள மூடியை இட வேண்டும். மேலே வேலை செய்யும்போது கீழே ஒரு ரம்பம் வெறுமையாகச் சுழன்றுகொண்டிருப்பதை மறந்து, விழுந்த துண்டை எடுக்கக் கையை நீட்டுவது இவ்வகை யந்திரத்திற்கே உரிய தனி ஆபத்து.

பிறகு மேசையின் உயரத்தைத் திருத்தி, பலகையின் மேல் ஒரு பல்லின் உயரம் மட்டும் ரம்பம் தெரியும்படி வைக்க வேண்டும். ஆப்புத் தகடும் மேல்மூடியும் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். வழிகாட்டிச் சட்டம் ரம்பத்திற்கு இணையாக நிற்கிறதா என்று முன்பற்களிடத்தும் பின்பற்களிடத்தும் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒடுங்கியிருந்தால் பலகை நெருக்குண்டு எதிர் உதை நேரும்.

பலகையின் ஒரு முகம் மேசையில் சமமாகப் படிய வேண்டும்; ஒரு விளிம்பு நேராக இருந்து சட்டத்தில் ஒட்டிச் செல்ல வேண்டும். இரண்டும் இல்லாத பலகையை இழைப்புளியிட்டு நேராக்கிய பின்னரே மேசைக்குக் கொண்டுவருக. எந்தச் சட்டத்தின் துணையும் இன்றி வெறுங்கையால் ஓட்டிப் பலகையை அறுத்தல் எக்காரணத்தாலும் கூடாது.

நிற்கும் இடமும் முக்கியம். ரம்பத்தின் நேர் எதிரே நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். பலகை பறந்தாலும் நம்மைக் கடந்து செல்லும். நமக்குப் பின்னால் அந்த நேரில் குழந்தைகளோ, மாடோ, தறியில் அமர்ந்தவரோ இல்லாதவாறு யந்திரத்தைத் திருப்பி வைத்தல் நம் பொறுப்பே.

பலகையின் கடைசி ஓரடி நீளம் வரும்போது கையால் தள்ளுதல் கூடாது. தள்ளுகோல் என்று ஒன்றை எப்போதும் எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அரை அங்குலக் கனமுள்ள பலகையில் ஓரடிக்கு மேல் நீளமாக ஒரு கோல் அறுத்து, நுனியில் பறவையின் அலகைப் போல ஒரு வெட்டு வெட்டினால் போதும். பலகையின் கடைக்கோடியில் அது பிடித்துக்கொள்ளும். இரண்டு கோல்கள் இருப்பது இன்னும் நல்லது. ஒன்று தள்ள, மற்றொன்று பக்கவாட்டில் சட்டத்தோடு அணைக்க. ரம்பம் கோலைத் தின்றால் வேறு கோல் செய்துகொள்ளலாம்.

குறுக்கே துண்டு போடும்போது வழிகாட்டிச் சட்டத்தையே அளவுத் தடையாகப் பயன்படுத்துவோர் உளர். இது பெருந்தவறு. அறுபட்ட சிறு துண்டு சட்டத்திற்கும் ரம்பத்திற்கும் இடையே அகப்பட்டுக் குண்டு போலப் பாயும். அவ்வேலைக்கு யந்திரத்தின் கீழ்ப் பீடம் இருக்கவே இருக்கிறது.

கீழ்ப் பீடத்தில் கோணம் அறுத்தல்

கோண அறுவைக்கு மாறும்போது மேல்மேசையை உயர்த்தி, மேற்பற்கள் முழுவதும் மறையுமாறு செய்தல் வேண்டும். இதைச் செய்யாமல், மேலே தலை நீட்டிய ரம்பத்தோடு கீழே அறுப்பவர், குனிந்த தம் முகத்துக்கு முன்னால் ஒரு ரம்பத்தைச் சுழலவிடுகிறார் என்றே கொள்ள வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒரே வேளையில் செய்தலோ, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று செய்தலோ அறவே கூடாது.

தலையை இறக்கும்போது தானே விலகி, உயர்த்தும்போது தானே மூடிக்கொள்ளும் காப்பு மூடி ஒன்று ரம்பத்தில் இருக்கும். மரத்தூள் அடைத்து அது பாதியில் நின்றுவிட்டால், கயிற்றால் கட்டித் தூக்கி வைக்காமல், மின் இணைப்பைத் துண்டித்துத் தூளைத் துடைத்து விடுக.

சட்டத்திற்கான மூலைகளுக்குக் கணக்கு எளிது. 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொரு முனைக்கும் வேண்டிய கோணம் கிடைக்கும். நாற்பக்கப் படச் சட்டத்திற்கு 45 பாகை, அறுபக்கத்திற்கு 30, எண்பக்கத்திற்கு 22½. முதலில் வீணான துண்டில் அறுத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, பின்னர் நல்ல மரத்தைத் தொடுக.

மரத்தைப் பின்சட்டத்தோடு நெருக்கி, இயன்ற வரையில் திருகுப்பிடி கொண்டு இறுக்க வேண்டும். கையால்தான் பிடிக்க வேண்டுமெனில், ரம்பம் இறங்கும் இடத்திலிருந்து ஆறு அங்குலத்திற்குக் குறையாத தொலைவில் கை இருக்கட்டும். அதற்குப் போதிய நீளம் இல்லாத துண்டைக் கை ரம்பத்தால் அறுப்பதே முறை. கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடித்தல் கூடாது. வளைந்த சட்டமாயின் அதன் புடைத்த பக்கம் பின்சட்டத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். அறுக்கும் இடத்தில் இடைவெளி இருக்கலாகாது. நீண்ட சட்டத்தின் மறுமுனைக்கு யந்திரப் பீடத்தின் உயரத்திலேயே ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆளை நிறுத்தித் தாங்கச் சொன்னால், அவர் தூக்கியோ தாழ்த்தியோ அறுவாயை மூடிவிடுவார்.

விசையை அழுத்தி, ரம்பம் முழு வேகம் அடைந்த பின்னரே மெதுவாக இறக்குக. அறுத்து முடிந்ததும் விசையை விட்டு, ரம்பம் அடியிலேயே முற்றிலும் நின்ற பிறகு தலையை உயர்த்துக. சுழலும்போதே உயர்த்தினால் சிறு துண்டு பற்களில் சிக்கிப் பறக்கும்.

நம் ஊர் மரங்களின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோப்புகளை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள், காய்ப்பு ஓய்ந்த மா மரங்களையும் பட்டுப்போன தென்னைகளையும் தாமே பலகையாக்க விரும்புகின்றனர். சிக்கனம் பாராட்டத்தக்கது. ஆயினும் ஈரம் உலராத மா மரம் அறுக்கும்போதே நெளிந்து அறுவாயை மூடும். நிழலில் அடுக்கி, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட விட்டு, நன்கு உலர்ந்த பின் அறுத்தால் மரமும் கோணாது, உதையும் குறையும். பருத்த கட்டைகள் இச்சிறு யந்திரத்திற்கு உரியவை அல்ல. மேல்மேசையில் ரம்பத்தின் ஒரு பகுதிதான் வெளித்தோன்றுகிறது. கட்டையை அறுவை மில்லில் பலகையாக்கிக்கொண்டு வருவதே நேர்வழி.

தென்னையின் வெளிவட்டம் கெட்டியானது. ரம்பத்தை விரைவில் மழுக்கும். மழுங்கிய ரம்பத்திற்கு அதிகத் தள்ளு வேண்டும். அதிகமாகத் தள்ளும் கை வழுக்கினால் எங்கே செல்லும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. புகையும் கருகல் வாசனையும் எழுந்தால் நிறுத்திவிட்டுச் சாணை பிடிக்க அனுப்புக.

தோப்பு மரங்களில் வேலிக் கம்பியும், விளக்குக்கென அடித்த ஆணியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். பழைய வீட்டு உத்திரங்களிலும் நிலைகளிலும் ஆணி இல்லாதது அரிது. ஒரு காந்தக் கட்டியை மரத்தின்மீது ஓட்டிப் பார்த்தல் ஒரு நிமிஷ வேலை. ஆணியில் பட்ட ரம்பத்தின் பல் கழன்று கண்ணைத் தாக்கினால், அந்த ஒரு நிமிஷத்தை மீட்க முடியாது.

மின்சாரமும் உடையும் தூளும்

ரம்பம் ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிட்டால், நாம் விசையை மறந்து சிக்கிய பலகையை எடுக்க முற்படுகிறோம். அந்நேரம் மின்சாரம் திரும்பி வந்தால் யந்திரம் தானே சுழலத் தொடங்கும். மின்சாரம் போய் வந்தாலும் மறுபடி அழுத்தினால் அன்றி ஓடாத விசையுள்ள யந்திரத்தையே வாங்குக. அஃது இல்லையேல், விளக்கு அணைந்த கணமே செருகியைப் பிடுங்குவதை வழக்கமாக்கிக்கொள்க. ரம்பத்தை மாற்றும்போதும், மேல் வேலையிலிருந்து கீழ் வேலைக்கு யந்திரத்தைத் திருத்தும்போதும் செருகி சுவரில் இருத்தல் ஆகாது. மண் இணைப்பு உள்ள மூன்று முளைச் செருகியும், யந்திரத்திற்கு ஏற்ற தடித்த கம்பியும் வேண்டும்.

புது ரம்பத்தில் அது தாங்கும் உச்ச வேகம் எழுதியிருக்கும். அது யந்திரத்தின் வேகத்திற்குக் குறைதல் ஆகாது. நடுத்துளை அச்சில் சரியாகப் பொருந்த வேண்டும். விரிசல் கண்ட ரம்பத்தைப் பழைய இரும்பில் போட்டுவிடுக.

துண்டையும் மேல்வேட்டியையும் களைந்துவிட்டு வேலையில் இறங்குக. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுக. பெண்மணிகள் தாவணியையும் முந்தானையையும் இறுகச் செருகி, சடையை முடிந்து, வளையல்களைக் கழற்றிவிடுதல் வேண்டும். கையுறை காப்பு என்று நினைப்பது தவறு; அதன் நூல் பல்லில் சிக்கினால் கை முழுவதும் உள்ளே செல்லும். கண்ணாடி கட்டாயம். இரைச்சல் 85 டெசிபெலுக்கு மேல் நெடுநேரம் கேட்பது செவியைக் கெடுக்கும். இந்த யந்திரத்தின் இரைச்சல் அதற்கும் மேற்பட்டது. ஆதலால் காதுக்கும் அடைப்பு வேண்டும். மரத்தூளைச் சாதாரணமாக நினைத்தலும் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்று விளைக்கும் பொருள்களுள் வைத்தது. பஞ்சுத் தூசியின் தீமையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மூக்கையும் வாயையும் மறைக்கும் முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்க.

சட்டமும் நாமும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் யந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேண்டுமென 21-ஆம் பிரிவில் விதித்தது. பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி இளைஞர்களை ஆபத்தான யந்திரங்களில் ஏவுதலை 23-ஆம் பிரிவில் தடுத்தது. இன்று அதனிடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துள்ளது. ஆயினும் இத்தகைய சட்டங்கள் பலர் கூடி வேலை செய்யும் ஆலைகளையும் பட்டறைகளையும் கருதியே எழுந்தவை. வீட்டின் பின்கட்டில் தந்தையும் மகனும் ஓட்டும் யந்திரத்தைப் பார்க்க எந்த அதிகாரியும் வருவதில்லை. அங்கே நமக்கு நாமே அதிகாரி.

விஞ்ஞானம் இதிலும் உதவாமல் இல்லை. அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் ஒரு முறை கண்டார். ரம்பத்தில் மெல்லிய மின்குறி ஓடிக்கொண்டிருக்கும். மனித உடல் பட்டதும் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து சில மில்லி விநாடிகளில் ரம்பத்தை நிறுத்திவிடும். விரலில் சிறு கீறலோடு போகும். ஆனால் நம்மவர் வாங்கும் சிறு யந்திரங்களில் இவ்வசதி இருப்பதாக எதிர்பார்த்தல் இயலாது. ஆணியில் தொங்கும் காப்பு மூடியே நமக்குக் கிட்டிய விஞ்ஞானம்.

விபத்து நேர்ந்துவிட்டால்

செருகியைப் பிடுங்கிவிட்டு, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுக. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்புதல் கூடாது. விரல் துண்டாகிவிட்டால் அதனைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் இட்ட நீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாக விரலைத் தொடலாகாது. காயம்பட்டவருக்கு உணவோ பானமோ கொடுத்தல் வேண்டா. மயக்க மருந்து கொடுக்க நேரிடலாம். 108-ஐ அழைக்குக. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காலம் தாழ்த்தாமல் சென்றால் விரலை மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கோவை கங்கா மருத்துவமனையும் கை அறுவை சிகிச்சையில் பேர்பெற்றவை. மடவார் வளாகத்தில் கோயில் கொண்டுள்ள வைத்தியநாதரை வேண்டிக்கொள்வோர் வேண்டிக்கொள்க. வண்டி ஏறிய பின் வேண்டிக்கொள்க.

கூட்டுறவின் வழி

ஒவ்வொருவரும் தனித்தனியே மலிவான யந்திரம் வாங்கிக் காப்பு இன்றி ஓட்டுவதைவிட, பத்துப் பேர் சேர்ந்து நல்ல யந்திரம் ஒன்றை வாங்கி ஓரிடத்தில் வைப்பது சாலச் சிறந்தது. ஊரில் அனுபவம் வாய்ந்த தச்சர் ஒருவரை அழைத்து, செருகி பிடுங்கிய நிலையிலேயே முதல் நாள் பாடம் நடத்தச் செய்க. காப்பு மூடி, ஆப்புத் தகடு, தள்ளுகோல் மூன்றும் உள்ளனவா என்று பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே சாவியைக் கொடுப்பது என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்க. தனியாக இருக்கும்போதும், களைத்திருக்கும்போதும், மது அருந்தியிருக்கும்போதும் யாரும் யந்திரத்தைத் தொடலாகாது. சிறுவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

நம் நண்பர் அன்று மாலையே ஆணியிலிருந்து இரண்டையும் இறக்கினார். ரம்பத்தை மாற்றிப் பொறுத்தி, பூவரசந் துண்டில் ஒரு தள்ளுகோலும் செய்தார். பலகை ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, “கோடு நல்லாத்தான் தெரியுது” என்றார். அவருடைய ஒன்பதரை விரல்களும் தறியில் நெடுநாள் வேலை செய்யட்டும். இதனைப் படிக்கும் அங்கத்தினர்கள் தம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் காப்பு மூடிகளை இன்றே எடுத்து மாட்டுவார்களாக.